லைவ் என்றால் அரசாங்கத்துக்கு ஏன் பயம்?

(ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் நீக்கி, படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்.)



இந்த எபிசோடில் மூன்று விஷயங்களை ஒரே தட்டில் வைக்கப்போகிறேன். ராக் கச்சேரி, டிவி, அரசாங்க ரகசியம். "மூணுக்கும் என்னடா சம்பந்தம்?"னு கேட்டால் நியாயமான கேள்விதான். இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்ட ஒரு நாடு இருந்தது. 1949-இல் பிறந்து 1990-இல் காணாமல் போன கிழக்கு ஜெர்மனி.

தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடச் சுருக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. கிழக்கில் சோவியத் ஆதரவோடு ஒரே கட்சியின் ஆட்சி. பெர்லின் நகரம் முழுக்கக் கிழக்கு ஜெர்மனிக்கு உள்ளே இருந்தாலும், அதன் மேற்குப் பாதி மேற்கத்திய நாடுகளின் பொறுப்பில் இருந்தது. அந்த வழியாக லட்சக்கணக்கான மக்கள் வெளியேறிக்கொண்டே இருந்ததால், 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு அரசு எல்லையை மூடிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தது. உள்ளே இருப்பவர்களைக் கண்காணிக்க ஸ்டாஸி என்ற ரகசியப் போலீஸ். 1989-இல் அதன் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 180 பேருக்கு ஒருவர். பக்கத்து வீட்டிலும் ஆபீஸிலும் இருந்துகொண்டு ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் இன்னும் இரண்டு மடங்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்க ரகசியம் என்றால், மக்களிடமிருந்து அரசு எதையோ ஒளித்து வைப்பது என்று நினைக்கிறோம். அது பாதிக் கதைதான். எல்லாவற்றையும் ரகசியமாக வைத்தே பழகிய அரசு, ஒரு கட்டத்தில் தன் கண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. வெட்டுவதற்கும் மறைப்பதற்கும் நேரம் கொடுக்காத ஒரு லைவ் நிகழ்ச்சி வந்தால், அது திணறிப்போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

டிவியில் வராத சில நொடிகள்

1988 ஜூலை 19. கிழக்கு பெர்லினில் வைஸன்ஸே என்ற பகுதி. சைக்கிள் பந்தயத் திடல். மேடையில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். விற்ற டிக்கெட் சுமார் 1,60,000. டிக்கெட் இல்லாமல் வந்தவர்களையும் சேர்த்தால் மூன்று லட்சம் வரை இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நாடு அதுவரை பார்த்ததிலேயே பெரிய ராக் கச்சேரி.

நடத்தியது யார் தெரியுமா? எஃப்.டி.ஜே. என்ற ஆளுங்கட்சியின் இளைஞர் அமைப்பு. டிக்கெட்டில் 'நிகராகுவாவுக்கான கச்சேரி' என்று அச்சடித்திருந்தார்கள். அப்போது நிகராகுவாவின் இடதுசாரி அரசுக்கு எதிரான ஆயுதக் குழுக்களை அமெரிக்கா ஆதரித்துக்கொண்டிருந்தது. ஆக, அமெரிக்கப் பாடகரை வைத்தே ஒரு அரசியல் நிகழ்ச்சி நடத்திவிடலாம் என்று கணக்கு.

ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அது பிடிக்கவில்லை. கச்சேரியின் நடுவில் ஜெர்மன் மொழியிலேயே சில வரிகள் பேசினார். சாராம்சம் இதுதான்: எந்த அரசையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ நான் வரவில்லை, உங்களுக்காக ராக் வாசிக்க வந்தேன், ஒரு நாள் எல்லாத் தடைகளும் தகரும் என்ற நம்பிக்கையோடு. முதலில் அந்த இடத்தில் இருந்த சொல் 'சுவர்கள்'. அவருடைய குழுவினர் பதறிப்போய்க் கடைசி நேரத்தில் 'தடைகள்' என்று மாற்றச் சொன்னார்கள். சுவருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கூட்டத்துக்கு எந்தத் தடை என்று விளக்க வேண்டுமா என்ன? பேச்சு முடிந்ததும் பாப் டிலனின் 'சைம்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' பாடலைத் தொடங்கினார்.

கிழக்கு ஜெர்மன் டிவியும் இந்தக் கச்சேரியை ஒளிபரப்பியது. பார்க்க லைவ் மாதிரிதான் இருக்கும், ஆனால் கொஞ்சம் தாமதம் வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சை வெட்டிவிட்டார்கள். மைதானத்தில் நின்றவர்கள் கேட்டார்கள், வீட்டில் சோபாவில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் இதை பஃபர் என்போம். வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடவேண்டும் என்று சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது. தணிக்கை செய்பவருக்கும் அதே பஃபர்தான் வேண்டும். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நடுவில் ஒரு ஆள் கத்தரிக்கோலோடு உட்கார அந்த நேரம் போதும். மைதானத்தில் அந்த நேரம் கிடையாது. பாடகர் வாயிலிருந்து வந்த சொல் கடைசி வரிசைக்குப் போக ஒரு நொடி ஆகலாம். நடுவில் யாரும் உட்கார முடியாது.

சுவர் ஒலியைத் தடுக்காது

இப்படி ஒரு கச்சேரியை அந்த அரசே ஏன் ஏற்பாடு செய்தது? அதற்கு ஒரு வருடம் பின்னால் போகணும்.

1987 ஜூன் 6, 7, 8. மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டியே இருக்கும் ரைக்ஸ்டாக் கட்டடத்துக்கு முன்னால் மூன்று நாள் கச்சேரி. முதல் நாள் டேவிட் போவி, அடுத்து யூரித்மிக்ஸ், மூன்றாவது நாள் ஜெனிஸிஸ். கிழக்குப் பக்கத்து இளைஞர்கள் டிக்கெட் வாங்க முடியாது, சுவரைத் தாண்டவும் முடியாது. ஆனால் சத்தம் தாண்டி வருமே! பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகே கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். பார்க்க ஒன்றுமில்லை, கேட்க மட்டும்தான்.

போலீஸ் கலைக்கப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் மோதல் கூடியது, ஆட்களைக் கைது செய்தார்கள், சுவர் ஒழியட்டும் என்று கோஷம் எழுந்தது. வெளிநாட்டு நிருபர்கள் அதை நேரில் பார்த்தார்கள், மேற்கு ஜெர்மன் ஊடகங்களில் செய்தி வந்தது. கிழக்கு அரசின் அதிகாரப்பூர்வ பதில் என்ன? அப்படி மோதல் எதுவும் நடக்கவில்லை, எல்லாம் மேற்கத்திய நிருபர்களின் கற்பனை.

கொஞ்சம் யோசிங்க. நேற்று ராத்திரி நீங்கள் அடி வாங்கியிருக்கிறீர்கள், இன்று காலை அரசு நீங்கள் அங்கே இல்லவே இல்லை என்கிறது. ஒளிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒளிக்கிற ரகசியம் இது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்ததை மறுத்தால் அந்த விஷயம் மறையாது, மறுத்தவருடைய வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும்.

அதற்குப் பிறகு இளைஞர் அமைப்பு உத்தியை மாற்றியது. சுவர் ஓரம் போய்க் கேட்காதே, நாங்களே கூட்டி வருகிறோம் என்று. 1987 செப்டம்பரில் பாப் டிலன், 1988 மார்ச்சில் டெபேஷ் மோட், அந்தக் கோடையில் ஜோ காக்கர், பிறகு ஸ்பிரிங்ஸ்டீன்.

'இப்போது நீங்கள் இல்லை'

வெளிநாட்டுக்காரர்களுக்கு மேடை கிடைத்தது. உள்ளூர்க் குழுக்களுக்கு? அங்கே ராக் வாசிக்க உரிமம் வேண்டும். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் குழுவின் முன்னால் வாசித்துக் காட்டணும், அவர்கள் தரம் பிரிப்பார்கள். நிகழ்ச்சிகளில் வாசிப்பதில் 60 சதவீதமாவது சோஷலிச நாடுகளின் இசையாக இருக்கணும் என்று 1958-லிருந்தே விதி.

லைப்ஸிக் நகரில் கிளாவுஸ் ரென்ஃப்ட் காம்போ என்று ஒரு குழு. ராணுவ சேவையை மறுப்பது, நாட்டைவிட்டு ஓடுவது மாதிரியான, வாயைத் திறக்கவே கூடாத விஷயங்களைப் பாட்டில் கொண்டுவந்தவர்கள். ரசிகர்கள் ஏராளம். 1975 செப்டம்பரில் உரிமத்துக்காகக் குழுவின் முன் போனார்கள். அங்கே வாசிக்கவே விடவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது, தடை என்று கூட இல்லை. இனிமேல் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். ஒரு குழுவாக நீங்கள் இருப்பதே முடிந்துவிட்டது.

அப்புறம் அவர்களுடைய இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. வானொலியில் நின்றது. பாடல் எழுதிய கெருல்ஃப் பன்னாக், குழுவில் இருந்த கிறிஸ்டியான் குனர்ட் இருவரும் 1976-இல் கைதாகி, 1977-இல் மேற்குக்கு அனுப்பப்பட்டார்கள். சொந்த ஊருக்கு, சொந்த ரசிகர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர்கள்.

எனக்கு இதில் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அந்த அறைக்குள் நடந்த பேச்சை கிளாவுஸ் ரென்ஃப்ட் யாருக்கும் தெரியாமல் கேசட்டில் பதிவு செய்துவிட்டார். 'நீங்கள் இல்லை' என்று சொன்ன குரல் இருந்தது! ரகசியமாக நடக்கிற நாட்டில் குடிமகனும் ரகசியமாகப் பதிவு செய்யக் கற்றுக்கொள்கிறான்.

ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது?

இப்போ டிவிக்கு வருவோம். கிழக்கு ஜெர்மனியின் விசித்திரம் என்னவென்றால், எதிரி நாட்டு டிவி அதே மொழியில், வீட்டுக்குள்ளேயே வந்தது. அலைகளுக்கு பாஸ்போர்ட் கிடையாது. 1961-இல் இளைஞர் அமைப்பு ஆட்களை மாடி மாடியாக அனுப்பி, மேற்கு நோக்கித் திரும்பியிருந்த ஆன்டெனாக்களைத் திருப்பவும் கழற்றவும் செய்தது. அந்த வேலைக்கு 'ஆக்ஸன்கோப் நடவடிக்கை' என்று பெயர். ஆக்ஸன்கோப் என்பது பவேரியாவில் மேற்கின் ஒளிபரப்புக் கோபுரம் இருந்த மலை.

அப்புறம் வண்ண டிவி வந்தது. மேற்கு ஜெர்மனி பால் என்ற முறையை எடுத்தது. கிழக்கு 1969-இல் செகாம் என்ற இன்னொரு முறையை எடுத்தது. இதனால் மேற்கு நிகழ்ச்சிகள் கிழக்குப் பெட்டிகளில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தன. படம் வந்தது, வண்ணம் மட்டும் இல்லை. மக்கள் சும்மா இருப்பார்களா? பால் டீகோடரைத் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொண்டார்கள். கடைசியில் ஆட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கரே 1973-இல், மேற்கு டிவியை யார் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம் என்ற பொருளில் பேசினார். தடுக்க முடியாததை அனுமதித்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அந்த அலை எட்டவில்லை. டிரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில், மேற்கு எல்லையிலிருந்து தூரத்தில் இருக்கிறது. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவில் மேடு வந்தால் பள்ளத்துக்குள் இறங்காது. வடகிழக்கு மூலையில் கிரைஃப்ஸ்வால்ட் பக்கமும் அதே கதை, அங்கே தூரம்தான் பிரச்சினை. இந்த இரண்டு பகுதிகளிலும் சேர்த்து நாட்டின் மக்களில் சுமார் 15 சதவீதம். இவர்களை மற்றவர்கள் 'ஒன்றும் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு'க்காரர்கள் என்று கேலி செய்வார்கள்.

இங்கே ஒரு கேள்வி. மேற்கு டிவி பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் ஒரே நாட்டில், ஒரே ஆட்சியில் இருந்தார்கள். யாருக்கு ஆட்சிமேல் கோபம் அதிகம் இருந்திருக்கும்? பார்த்தவர்களுக்குத்தான்னு நானும் நீங்களும் உடனே சொல்வோம். ஹோல்கர் கெர்ன், யென்ஸ் ஹைன்முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது நேர் எதிர். மேற்கு டிவி பார்த்தவர்கள்தான் ஆட்சியோடு கொஞ்சம் கூடுதலாக ஒத்துப்போனார்கள். ஏனென்றால் அவர்கள் அதிகம் பார்த்தது செய்தி இல்லை, பொழுதுபோக்கு. வேலை முடிந்து வந்து, சீரியலும் சினிமாவும் பார்த்து, மனசளவில் தினமும் இரண்டு மணி நேரம் வெளிநாடு போய்வந்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு அந்த வடிகால் இல்லை. டிரெஸ்டன் பகுதியில் நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்தவர்கள் விகிதமும் அதிகம்.

இதைப் படித்த பிறகு, தகவல் கிடைத்தால் போதும், மக்கள் எழுந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துபோனது. நம்ம கையில் இருக்கிற போனையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் ஸ்க்ரோல் பண்ணிவிட்டோம், தூங்கப் போகிறோம்.

பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும்

அப்போ டிவி தூங்க வைக்கும், கச்சேரி எழுப்பும் என்று சொல்ல வர்றியான்னு கேட்டால், கொஞ்சம் அப்படித்தான். காரணம் சொல்கிறேன்.

ஒலித் தரம் என்று பார்த்தால் லைவ் கச்சேரி தோற்றுவிடும். சென்னையில் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். கடைசி வரிசை, மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது, பேஸ் சத்தத்தில் பாதிச் சொற்கள் முழுகிப்போயின. அதே பாட்டு என் ஹெட்போனில் நூறு மடங்கு சுத்தமாகக் கேட்கும். ஆனாலும் திரும்பவும் டிக்கெட் எடுப்பேன். ஏன்? அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அங்கே போனால் முப்பதாயிரம் பேருக்குப் பிடிக்கும் என்பதும் தெரிகிறது. இன்னொரு படி மேலே, எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிகிறது.

இந்த மூன்றாவது படிதான் முக்கியம். கணிப்பொறி அறிவியலிலும் விளையாட்டுக் கோட்பாட்டிலும் இதைப் பொது அறிவு என்று தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிவது வேறு, எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிவது வேறு. கிழக்கு ஜெர்மனியில் சுவர் பிடிக்காதவர்கள் பல லட்சம். ஒவ்வொருவரும் தனியாக, பக்கத்தில் இருப்பவர் ஸ்டாஸிக்குத் தகவல் கொடுப்பவரோ என்ற பயத்தோடு. வைஸன்ஸேயில் 'தடைகள்' என்ற சொல் விழுந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்ததே, அந்த நொடியில் ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் டிவியில் வெட்ட வேண்டியிருந்தது. பேச்சில் ஒரு தகவல்கூடப் புதிதில்லை. எதிரொலிதான் ஆபத்து.

டிவியும் இந்த வேலையைச் செய்ய முடியும், கூட்டத்தைக் கூட்டத்துக்கே காட்டும்போது. 1989 அக்டோபர் 9 அன்று லைப்ஸிக்கில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுடுமோ என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. வெளிநாட்டு நிருபர்களை நகருக்குள் விடவில்லை. ஸீக்பெர்ட் ஷெஃப்கே, ஆரம் ராடோம்ஸ்கி என்ற இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏறி, மறைந்திருந்து வீடியோ எடுத்தார்கள். கேசட் மேற்கு பெர்லினுக்குக் கடத்தப்பட்டு, மறுநாளே மேற்கு டிவியில் வந்தது. அலை எட்டிய கிழக்கு வீடுகளிலெல்லாம் அதைப் பார்த்தார்கள். நாம் இவ்வளவு பேர் இருக்கிறோம் என்று.

ரகசிய விதியும் வதந்தியும்

இனி வருவது கனமான பகுதி.

செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். 1969-இல் மேற்கு பெர்லின் வானொலியில் ஒரு அறிவிப்பாளர் விளையாட்டாகச் சொன்னது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழு சுவரை ஒட்டிய ஷ்ப்ரிங்கர் கட்டடத்தின் மொட்டை மாடியில் வாசிக்கப் போகிறது என்று பரவியது. தேதி அக்டோபர் 7, கிழக்கு ஜெர்மனியின் இருபதாவது ஆண்டு விழா! நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் கிளம்பி வந்தார்கள். கச்சேரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள்.

அது கைதோடு போனது. கிறிஸ் குஃப்ராய் விஷயத்தில் உயிரே போனது. இருபது வயது, ஹோட்டலில் சர்வர் வேலை. எல்லையில் சுடச் சொல்லும் உத்தரவு நிறுத்தப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, நண்பரோடு சேர்ந்து 1989 பிப்ரவரி 5 இரவு ஒரு கால்வாய்ப் பக்கமாகச் சுவரைத் தாண்டப் போனார். கேள்விப்பட்டது பொய். நள்ளிரவை ஒட்டி எல்லைக் காவலர்கள் சுட்டார்கள். அங்கேயே இறந்தார். நண்பர் காயத்தோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனார். சுட்ட காவலர்களுக்குப் பாராட்டும் பணமும் கொடுத்தார்கள். பெர்லின் சுவரில் சுட்டுக் கொல்லப்பட்ட கடைசி மனிதர் அவர்தான்.

ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்க. "அந்தப் பாட்டுதான் சுவரை உடைச்சது"ன்னு யாராவது சொன்னால், எனக்கு இந்தப் பையன் ஞாபகம் வருவான்.

இதில் இன்னொன்று. அவர் இறந்து இரண்டு மாதத்தில், 1989 ஏப்ரல் 3 அன்று, தப்பி ஓடுபவர்கள்மேல் இனிச் சுட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து காவலர்களுக்கு உத்தரவு போனது. அதையும் வெளியில் சொல்லவில்லை! விதி இருந்தபோதும் ரகசியம், எடுத்தபோதும் ரகசியம். எல்லையில் நின்றால் உயிர் போகுமா போகாதா என்பதுகூட ஒரு குடிமகனுக்குத் தெரியக்கூடாத விஷயமாக இருந்தது.

காலை நான்கு மணி வரை வெளியிடக்கூடாது

இப்போ கடைசிக் காட்சி. 1989 நவம்பர் 9. ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டது, ஆயிரக்கணக்கில் மக்கள் அந்த வழியாக வெளியேறிவிட்டார்கள், தெருவில் ஊர்வலங்கள். அழுத்தம் தாங்காமல் அரசு புதிய பயண விதி ஒன்றைத் தயாரித்தது. விண்ணப்பித்தால் வெளிநாடு போக அனுமதி. மறுநாள் காலை 4 மணிக்குத்தான் அறிவிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள் எல்லைக் காவலர்களுக்குச் சொல்லி, அலுவலகங்களைத் தயார்படுத்தி, எல்லாவற்றையும் முறையாகச் செய்யலாம். அரசு தனக்காக வைத்துக்கொண்ட பஃபர்.

அன்று மாலை 6 மணிக்கு கட்சியின் பேச்சாளர் குண்டர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். கிழக்கு ஜெர்மன் டிவியில் லைவ். இந்த முறை உண்மையான லைவ். அந்த விதி பற்றிப் பேசிய கூட்டத்தின் முக்கியப் பகுதியில் அவர் இல்லை. கையில் ஒரு தாளை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏழு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது அதைப் படித்தார். எப்போதிலிருந்து என்று நிருபர்கள் கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமில்லாமல் என்றார்.

எட்டு மணிக்கு மேற்கு டிவியின் முக்கியச் செய்தியில் இதுதான் தலைப்பு. மக்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லைக்கு நடந்தார்கள். ராத்திரி 10.42-க்கு வந்த செய்தி நிகழ்ச்சியில், சுவரின் வாயில்கள் திறந்து கிடப்பதாகவே சொல்லிவிட்டார்கள். அந்த நிமிடத்தில் அவை முழுதாகத் திறக்கவில்லை. அதைக் கேட்டு இன்னும் பல ஆயிரம் பேர் கிளம்பினார்கள்.

போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் அன்று பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். புதிய விதியைப் பற்றி அவருக்கு மேலிடம் எதுவும் சொல்லவில்லை. கேன்டீனில் சாப்பிடும்போது டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மேலதிகாரிக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார், தெளிவான உத்தரவு வரவில்லை. எதிரே ஆயிரக்கணக்கான மக்கள், கையில் ஆயுதம் வைத்த சில காவலர்கள். சுமார் 11.30 மணிக்கு அவரே முடிவெடுத்துத் தடுப்பைத் திறக்கச் சொன்னார்.

பாருங்க, அந்த இரவில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது? பேச்சாளருக்கு அறிவிக்கும் நேரம் தெரியவில்லை. காவலருக்கு விதி தெரியவில்லை. மேலதிகாரிக்குக் களம் தெரியவில்லை. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அரசுக்குப் பல வருடங்களாகவே தெரியாது. மக்கள் கருத்தை அறியக் கட்சியே வைத்திருந்த ஆய்வு நிறுவனத்தை 1979-லேயே மூடிவிட்டார்கள். 91,000 ஊழியர்கள், மலை மலையாகக் கோப்புகள், ஆனால் சொந்த எல்லைக் காவலருக்கு ஒரு தகவல் போய்ச் சேரவில்லை. மக்களிடமிருந்து மறைக்கக் கட்டிய அறைகள் அரசுக்குள்ளேயே ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. நல்ல வேளையாக, அன்று யாரும் சுடவில்லை.

சாவி யாருடையது, பூட்டு யாருடையது?

அப்போ அரசாங்கத்துக்கு ரகசியமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. இங்கே எங்கள் துறையில் ஒரு பழைய விதி உதவும். 1883-இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசியக் குறியீடுகள் பற்றி எழுதும்போது சொன்னது. ஒரு அமைப்பின் வடிவம் எதிரி கையில் கிடைத்தாலும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். நாம் இன்று பாங்க் ஆப்பில் பணம் அனுப்பும்போது வேலை செய்யும் குறியீட்டு முறைகள் உலகம் முழுக்கப் புத்தகங்களில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஓட்டை கண்டுபிடிக்கலாம். அதனால்தான் அவை பலமாக இருக்கின்றன.

அரசுக்கும் இதையே பொருத்திப் பார்க்கிறேன். படை எங்கே நகர்கிறது, ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு, உங்கள் வருமான வரிக் கணக்கு இதெல்லாம் சாவி. பூட்டி வைக்கட்டும். எந்தச் செயலுக்கு என்ன தண்டனை, யார் எப்போது சுடலாம், யார் மேடை ஏறலாம், எந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்பதெல்லாம் பூட்டின் வடிவம். அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும். கிழக்கு ஜெர்மனி இதைத் தலைகீழாக வைத்திருந்தது. குடிமகனின் கடிதம், காதல், நண்பர்கள் எல்லாம் அரசுக்குத் திறந்த புத்தகம். அரசின் விதிகள் குடிமகனுக்குப் பூட்டிய அலமாரி.

ஒரு அரசு எதையாவது ரகசியம் என்று சொன்னால் நான் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். இது சாவியா, பூட்டா?

மூட்டைகளில் மிச்சம்

சுவர் திறந்த பிறகு ஸ்டாஸி ஆபீஸ்களில் கோப்புகளை அழிக்க ஆரம்பித்தார்கள். காகிதம் அரைக்கும் இயந்திரங்கள் தாங்கவில்லை. கையால் கிழித்து மூட்டை கட்டினார்கள். பல நகரங்களில் மக்கள் உள்ளே புகுந்து தடுத்தார்கள், 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகத்துக்குள்ளும் நுழைந்தார்கள். மிஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் சுமார் 111 கிலோமீட்டர். கிழித்த காகிதம் சுமார் 16,000 மூட்டை.

1992 ஜனவரியிலிருந்து யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று ஆனது. தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தது நெருங்கிய நண்பர் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அந்த வலியையும் தாண்டி, தெரிந்துகொள்வதே மேல் என்று முடிவெடுத்த சமூகம் அது.

கிழிந்த துண்டுகளை ஒட்டும் வேலை 1995-இல் கையால் தொடங்கியது. சுமார் 500 மூட்டைகளிலிருந்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை மீட்டிருக்கிறார்கள். பெர்லினில் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் இதற்காகவே ஒரு மென்பொருளும் செய்தது. துண்டுகளை ஸ்கேன் செய்து, ஓரத்தின் வடிவம், காகித நிறம், எழுத்து எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சேர்க்கும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அத்தனை துண்டுகளையும் வேகமாக ஸ்கேன் செய்ய முடியாமல், இரண்டு டஜன் மூட்டை அளவில் அந்த வேலை நின்றுபோனது. இந்த ஆட்டத்தில் இதுவரை மென்பொருளைவிட மனிதக் கைதான் முன்னால். சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கு, என்ன செய்ய!

கையால் ஒரு நிமிடத்தில் கிழித்ததை ஒட்ட முப்பது வருடம் போதவில்லை. அதனால் ரகசியம் என்ற பெயரில் எதையாவது கிழிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இந்த வாரம் இவ்வளவுதான் மக்களே. நீங்கள் போன கச்சேரியில் கூட்டமே ஒரே குரலாக மாறிய ஒரு நொடி இருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். டிவியில் பார்த்தது வேண்டாம், நேரில் நின்று கேட்டது. சந்திப்போம்!